இடங்காணும் கணக்கும் இடறாத முறையும்

(இராசிங்காபுரத்தில் தமிழன்பர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வட்டாரத்திற்கு மருத்துவ நிலையமோ, பள்ளியோ, பங்கீட்டுக் கடையோ, தீயணைப்பு நிலையமோ புதிதாக வரவிருக்கின்றது என்னும் செய்தி எழுந்தவுடன், 'எம்மூரில் வையுங்கள்' என்று பத்து ஊரார் பத்து வேண்டுகோள் மடல்களோடு புறப்படுவர். இறுதியில் அந்நிலையம் எங்கே அமைகின்றது? செல்வாக்குடையார் ஊரில் அமைகின்றது. அன்றேல் விலையின்றி நிலம் கொடுத்தார் ஊரில் அமைகின்றது. அதுவும் அன்றேல் அலுவலர் ஊர்தி எளிதாகச் சென்று நிற்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் அமைகின்றது. நோயுற்ற முதியவளுக்கும், தலைச்சுமையோடு வரும் உழைப்பாளிக்கும், பையைச் சுமந்து நடக்கும் சிறுமிக்கும் அவ்விடம் எத்தனை தொலைவு என்று கேட்பார் அரியர்.

இக்கேள்வியை விருப்பு வெறுப்பின்றிக் கேட்டு விடை காண்பதற்கென்றே ஒரு கணக்குத்துறை வளர்ந்துள்ளது. பொதுநிலையங்களை எங்கே, எத்தனை, எவ்வளவு இடைவெளியில் அமைத்தால் மக்கட்குப் பயன் மிகும் என்பதைக் கணக்குப் படிமங்களால் ஆராய்வது அத்துறை. அதன் உள்ளீடு யாது, அதன் வலிமை எங்கே, அதன் வழுக்கல் எங்கே என்பதைத் தமிழர் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில், ஒரு கணக்கைத் தெரியாதவனை அக்கணக்கைக் காட்டியே ஏய்த்துவிடலாம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்க. இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. பழைய பெருவழிகளின் ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைக் காணாதார் இலர். தலைச்சுமையாளன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் தக்க உயரத்தில் அது நிறுத்தப்பெற்றது. ஊர் நடுவில் மன்றத்து மரம் நின்றது. வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட மங்கம்மாள் பெயரால் சாலைகளும் சாவடிகளும் இன்றும் வழங்குகின்றன. நடப்பவன் எங்கே களைப்பான் என்று எண்ணி அங்கே நிழலும் நீரும் அமைப்பதே இடங்காணும் கணக்கின் உயிர்நிலை. முன்னோர் உள்ளத்தால் உணர்ந்து செய்ததை, பின்வந்த மேலை அறிஞர் எண்ணால் எழுதினர், வேறுபாடு அவ்வளவே.

அவ்வெழுத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெர்மா என்பார், மூன்று புள்ளிகளைக் குறித்து, அம்மூன்றிற்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் நான்காம் புள்ளி எது என்று வினவினார். இத்தாலிய அறிஞர் தாரிசெல்லி அதற்கு விடை கண்டார். 1857-இல் ஆங்கிலக் கணக்கறிஞர் சில்வெசுத்தர் வேறொரு வினாவை எழுப்பினார்: சிதறிக் கிடக்கும் பல புள்ளிகளையும் தன்னுள் அடக்கும் மிகச் சிறிய வட்டம் எது? 1909-இல் செருமானியர் ஆல்பிரடு வேபர், தொழிற்சாலையை எங்கே நிறுவினால் மூலப்பொருளும் விளைபொருளும் சுமக்கும் செலவு குறையும் என்று ஆராய்ந்து நூல் எழுதினார்.

வேபர் கணக்கைப் பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம். ஒரு பலகையின் மேல் வட்டாரப் படத்தை ஒட்டுக. ஊர் உள்ள இடந்தோறும் துளையிடுக. துளைதோறும் ஒரு கயிற்றை நுழைத்து, கயிறுகளின் மேல்முனைகளை எல்லாம் ஒரே முடிச்சாகக் கட்டுக. ஒவ்வோர் ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ற எடையைக் கீழ்முனையில் தொங்கவிடுக. முடிச்சு இங்கும் அங்கும் இழுபட்டு ஓரிடத்தில் அமைதியுறும். அவ்விடமே அனைவர் செல்லுந் தொலைவின் மொத்தம் மிகக் குறையும் இடம். பேரூர் வலிந்து இழுக்கும். சிற்றூர் மெலிந்து இழுக்கும். இவ்விழுப்பில் உள்ள அறச்சிக்கலைப் பின்னர்க் காண்போம்.

ஆனால், மக்கள் பலகையின் மேல் பறந்து செல்வதில்லை. பாதை வழியாகவே செல்கின்றனர். ஆகவே, ஊர்களை முடிச்சுகளாகவும் பாதைகளை இழைகளாகவும் கொண்ட ஒரு வலையை எண்ணிக் கணக்கிடல் வேண்டும். இதனை 1964-இல் அமெரிக்காவில் அக்கிமி என்பார் தெளிவாக்கினார். தொலைபேசி இணைப்பு நிலையத்தை வலையில் எங்கே வைப்பது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. மொத்தத் தொலைவைக் குறைப்பதே நோக்கமாயின், பாதையின் இடைவழியில் எல்லாம் தேட வேண்டுவதில்லை. முடிச்சுகளில், அஃதாவது ஊர்களிலும் சந்திகளிலும் மட்டும் தேடினாலே போதும் என்று அவர் மெய்ப்பித்தார்.

அதன் கரணியம் எளிது. இரண்டு ஊர்க்கு இடையே பாதையில் ஒரு நிலையம் உள்ளதாகக் கொள்க. சிலர் இடப்பக்கமிருந்து வருகின்றனர். சிலர் வலப்பக்கமிருந்து வருகின்றனர். எப்பக்கத்தார் மிகுதியோ அப்பக்கம் நிலையத்தைச் சிறிது நகர்த்தினால், குறையும் தொலைவு கூடும் தொலைவினும் மிகும். இவ்வாறு நகர்த்திக்கொண்டே போனால் ஓர் ஊரை அடைந்தே நிற்கும். இருபக்கத்தாரும் ஒத்த எண்ணிக்கையராயின் நகர்த்துவதால் இழப்பொன்றும் இல்லை. எனவே ஊரே போதும் என்பது தேற்றம்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. க, ச, த, ப என்னும் நான்கு ஊர்கள் ஒரே சாலையில் உள்ளன என்று கற்பனையாகக் கொள்வோம். க-வில் 400 வீடுகள். அங்கிருந்து 3 கி.மீ. தொலைவில் ச, 4 கி.மீ. தொலைவில் த, 12 கி.மீ. தொலைவில், மலையடியில் ப. இம்மூன்றிலும் நூறு நூறு வீடுகள். ஒரு நிலையம் மட்டுமே அமைக்கப் பொருள் உண்டு. எங்கே அமைப்பது?

க-வில் அமைத்தால், ச ஊரார் 300, த ஊரார் 400, ப ஊரார் 1200 என மொத்தம் 1900 வீட்டுக்கிலோமீட்டர். ச-வில் அமைத்தால் 2200. த-வில் அமைத்தால் 2500. ப-வில் அமைத்தால் 6500. ஆகவே மொத்தக் கணக்கு 'க-வே சிறந்தது' என்று கூறும். ஆனால் மலையடி ஊரார் 12 கி.மீ. செல்ல வேண்டும்.

வேறொருவர், 'மொத்தம் கிடக்கட்டும். எவர்க்கும் பெருந்தொலைவு நேரலாகாது' என்கின்றார். அவர் கணக்குப்படி நிலையம் சாலையின் நட்டநடுவில், 6-ஆம் கி.மீ.-இல் அமைதல் வேண்டும். அப்போது கடைசி ஊரார்க்கும் 6 கி.மீ. தான். ஆனால் மொத்தம் 3500-ஆக ஏறிவிடும். 400 வீட்டாரும் நாள்தோறும் ஊரில்லா வெளிக்கு நடக்க நேரும். முன்னது பலர் நலம் பார்க்கும் கணக்கு. பின்னது கடையர் நலம் பார்க்கும் கணக்கு. முன்னது பெர்மா, வேபர் வழியது. பின்னது சில்வெசுத்தர் வட்டத்தின் வழியது. இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை. பெருக்கல் பிழை இல்லை. ஆயினும் விடை வேறு. ஏன்? கேட்ட வினா வேறு. எவ்வினாவைக் கேட்பது என்பதைக் கணக்கு முடிவு செய்யாது. அறமே முடிவு செய்தல் வேண்டும்.

இவ்விரண்டிற்கும் இடைவழி உண்டா? உண்டு. 'எவரும் 9 கி.மீ.க்கு மேல் செல்லலாகாது' என்று முதலில் ஒரு வேலி கட்டுக. அவ்வேலிக்குள் அமையும் ஊர்களில் மொத்தம் குறைந்ததைத் தேடுக. க நீங்கும், ச நிற்கும். மொத்தம் 1900-லிருந்து 2200 ஆகின்றது. கூடியது 300 மட்டுமே. அம்முந்நூறே மலையடி ஊரார்க்கு 3 கி.மீ. குறைப்பதற்கு வட்டாரத்தார் கொடுக்கும் விலை. அவ்விலையைக் கொடுக்கலாமா என்பதை அவையில் வைத்துப் பேசலாம். மறைவில் நடந்த பேரம் வெளிச்சத்தில் நடக்கும் உரையாடலாக மாறுவதே இக்கணக்கின் தலையாய பயன்.

ஒரு நிலையத்திற்கே இத்துணைச் சிக்கலெனின், பல நிலையங்களுக்குக் கேட்க வேண்டா. 50 ஊர்களில் 10 ஊர்களைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 1027 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் கையால் எழுதிப் பார்த்தல் எவர்க்கும் இயலாது. 1968-இல் தெய்ட்சு, பார்ட்டு என்னும் இருவர் ஓர் எளிய வழி கூறினர். முதலில் ஏதேனும் பத்தைத் தேர்க. ஒன்றை நீக்கித் தேராத ஒன்றை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க. மொத்தம் குறைந்தால் மாற்றத்தைக் கொள்க, இல்லையேல் தள்ளுக. எம்மாற்றத்தாலும் குறையாத நிலை வரும்வரை தொடர்க. அது முற்றச் சிறந்த விடையாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆயினும் பெரும்பாலும் அதற்கு அணித்தாய விடையைத் தரும். இன்றோ கணிப்பொறிகள் பெரிய வட்டாரங்களுக்கும் இக்கணக்கை விரைவில் முடித்துவிடுகின்றன.

அடுத்து வருவது நெருக்கடிப் பணிகளுக்குரிய கணக்கு. தீ பற்றிய வீட்டிற்கும் பாம்பு தீண்டிய குழந்தைக்கும் மொத்தத் தொலைவைக் காட்டி என்ன பயன்? குறித்த நேரத்திற்குள் உதவி வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. 1971-இல் தொரேகசு, சுவெயின், இரெவெல், பெர்க்மன் என்னும் நால்வர் இதற்கொரு படிமம் அமைத்தனர். ஒவ்வோர் ஊரும் குறித்த நேரத்திற்குள் எட்டத்தக்க ஒரு நிலையமேனும் பெறல் வேண்டும். அவ்வாறாயின் மிகக் குறைந்த நிலையங்கள் எத்தனை? இதுவே அவர் வினா. இதனைக் கவிப்புக் கணக்கு எனலாம். ஊர்களின் மேல் நிலையங்களின் நிழலைக் குடைபோற் கவித்துப் பார்ப்பது அது.

அ, இ, உ, எ, ஒ என ஐந்து ஊர்களைக் கொள்வோம். மக்கள்தொகை முறையே 300, 500, 200, 400, 60. ஐந்தாவதாகிய ஒ மலைமேல் உள்ள குடியிருப்பு. அ-வில் நிலையம் வைத்தால் அ, இ இரண்டும் எட்டும். இ-யில் வைத்தால் அ, இ, உ மூன்றும் எட்டும். உ-வில் வைத்தால் இ, உ, எ. எ-யில் வைத்தால் உ, எ. ஒ-வில் வைத்தால் ஒ மட்டுமே. எல்லா ஊர்களும் அடங்க வேண்டுமாயின் மூன்று நிலையங்கள் வேண்டும்: இ, எ, ஒ.

அரசு, 'இரண்டிற்கே பொருள் உண்டு' என்கின்றது. அப்போது வருவது 1974-இல் சர்ச்சு, இரெவெல் இருவரும் வகுத்த படிமம்: கையிலுள்ள நிலையங்களைக் கொண்டு மிகப் பலரை எட்டுவது எப்படி? விடை: இ-யிலும் எ-யிலும் வைத்தால் 1460 பேரில் 1400 பேர் அடங்குவர். வேறு சில இணைகளாலும் இதே 1400 கிடைக்கும். ஆனால் 1400-ஐத் தரும் எந்த இணையிலும் ஒ இடம்பெறாது. 'நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரை எட்டிவிட்டோம்' என்று அறிக்கை வெளிவரும், கைதட்டலும் எழும். எஞ்சிய நால்வர் யார்? மலைமேல் இருக்கும் அறுபதின்மர். இவ்வாண்டும் அவரே, அடுத்த திட்டத்திலும் அவரே, அதற்கடுத்த திட்டத்திலும் அவரே. விழுக்காடு என்னும் திரைக்குப் பின்னே ஒரே ஊர் மீண்டும் மீண்டும் மறைக்கப்படுகின்றது. இதுவே இக்கணக்கின் வழுக்கல்.

அவையோரே! இது வெறுங் கரும்பலகைக் கணக்கன்று. இவ்வவையிலிருந்து மேற்கே தலைநிமிர்ந்தால் தெரியும் மலைத்தொடரே இக்கணக்கின் தேர்வுக்களம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் மலையடியை ஒட்டி ஊர்கள் வரிசையாக உள்ளன. மேலே குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி எனக் குடியிருப்புகள். போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள். வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளப்பவனுக்கு அடிவாரமும் உச்சியும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். நடப்பவனுக்கோ அரைநாள் வழி. வான்தொலைவு வேறு, பாதைத்தொலைவு வேறு, நேரத்தொலைவு வேறு. மேலும், இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் ஒன்றல்ல. மழைநாளும் வெயில்நாளும் ஒன்றல்ல. சமவெளிக்குச் செய்த படிமத்தை மலைக்கு அப்படியே ஒட்டுபவன் கணக்கைக் கற்றவனாகலாம். நாட்டைக் கற்றவன் ஆகான்.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணி மலையில் நிகழ்ந்த துயரத்தை இவ்வட்டாரம் மறவாது. மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். 20 பேருக்கு மேல் மாண்டனர். ஊர்தி ஏற முடியாத சரிவு அது. ஊர்மக்கள் ஏறிச் சென்றனர். காயமுற்றோரைக் கட்டிச் சுமந்து இறக்கினர். வான்படையின் சுழற்சிறகு ஊர்திகளும் வரவழைக்கப்பெற்றன. அந்நாளில் வரைபடத்துத் தொலைவு எதற்கும் பயன்படவில்லை. மலையைக் காலால் அறிந்தவரே முதல் நிலையமாக நின்றனர். ஆகலின், மலைக்குடியிருப்புகளிலேயே முதலுதவி பயின்றோரும் கருவிகளும் இருத்தல் வேண்டும் என்பது இரக்கச் சொல் மட்டும் அன்று. கவிப்புக் கணக்கும் அதனையே கூறும்.

தொலைவைப் போலவே எல்லைக்கோடும் கணக்கைக் கெடுக்கும். சின்னூர், பெரியூர் என்னும் மலையூர்கள் ஆட்சி முறையில் திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும் அம்மக்கள் இறங்கி வருவது தேனி மாவட்டத்துப் பெரியகுளத்திற்கு. நோயரைத் தூளியிற் கட்டித் தோளிற் சுமந்து, ஆற்றைக் கடந்து இறக்கிய செய்திகள் நாளேடுகளில் பன்முறை வந்துள்ளன. மாவட்டந்தோறும் தனித்தனியே கணக்குப் போட்டால், திண்டுக்கல் கணக்கில் அவ்வூர்கள் எட்டாத் தொலைவின. தேனிக் கணக்கில் அவை இல்லவே இல்லை. இரண்டு கணக்கும் தத்தம் அளவில் சரி. இடையில் மனிதன் மட்டும் விடுபட்டான்.

மாநில எல்லையின் செய்தி இன்னும் கடுமையானது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தின்பால் நின்றன. ஆயினும் அங்குள்ள ஏலத்தோட்டங்களில் உழைப்பதற்கு இவ்வடிவாரத்து ஊர்களிலிருந்து பெண்களும் ஆண்களும் விடியுமுன் ஊர்தியேறிச் செல்கின்றனர். பொழுது சாயத் திரும்புகின்றனர். ஏலம் விளைவது மேலே. அதனை ஏலமிடும் நடுவங்களுள் ஒன்று கீழே போடிநாயக்கனூரில். விளைபொருளுக்கு எல்லையில்லை. விளைவித்த கைக்கு மட்டும் எல்லை உண்டு. மக்கள்தொகைக் கணக்கு ஒருவரை அவர் உறங்கும் ஊரில் எண்ணுகின்றது. அவர் உழைக்கும் ஊரில் எண்ணுவதில்லை. தோட்டத்தில் ஒருத்தி வழுக்கி விழுந்தால், பட்டப்பகலில் அவளுக்கு அணித்தாய மருத்துவமனை எது என்று எந்தப் பட்டியல் கூறும்? இடங்காணும் கணக்கில் 'தேவைப்புள்ளி' என்பது வீடா, பணிக்களமா என்று கேட்டாக வேண்டும். பகற்கணக்கு, இராக்கணக்கு என இரண்டும் போட்டாக வேண்டும்.

அரசு வகுத்த அளவைகள் உள்ளனவே எனலாம். உள்ளன. தொடக்க மருத்துவ நிலையம் ஒன்றிற்குச் சமவெளியில் 30,000 பேர், மலைப்பகுதியில் 20,000 பேர். துணை நிலையத்திற்குச் சமவெளியில் 5,000 பேர், மலையில் 3,000 பேர் என்பது இந்திய அரசின் அளவை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், தொடக்கப்பள்ளி 1 கி.மீ. நடைதொலைவிலும் நடுநிலைப்பள்ளி 3 கி.மீ. தொலைவிலும் அமைதல் வேண்டும் என்கின்றன. நிலச்சரிவும் வெள்ளமும் நேரும் இடங்களிலும் பாதையற்ற இடங்களிலும் இவ்வளவைக் குறைத்துக்கொள்ளவும் வழி வகுத்துள்ளன. பள்ளியளவை தொலைவைப் பார்க்கின்றது. மருத்துவ அளவை தலையை எண்ணுகின்றது. மலையில் 3,000 பேரைச் சேர்க்க எத்தனை மலைமுகடுகளைத் தாண்ட வேண்டும்? தலையெண்ணிக்கையோடு நேரத்தொலைவும் சேர்ந்தாலன்றி அவ்வளவை முழுமையுறாது.

நிலையம் வைக்க இயலாத இடத்திற்கு நிலையமே நடந்து வருதல் வேண்டும். 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 மருத்துவ ஊர்தியும், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டமும் அவ்வழியின. ஊர்தியை எங்கே நிறுத்தி வைப்பது என்பதும் ஓர் இடங்காணும் கணக்கே. பகலில் சந்தைக்கு அருகே, இரவில் மலையடியில் என நிற்குமிடத்தை மாற்றிக்கொள்ளலாம். கட்டடத்தை மாற்ற முடியாது. ஊர்தியை மாற்ற முடியும்.

மற்றொரு வழி, நிலையத்தை நகர்த்தாமல் வலையையே மாற்றுவது. இதற்கும் இம்மலையே சான்று. மூணாற்றுத் தேயிலையைக் கீழே கொணர்வதற்கு, மூணாற்றிலிருந்து மேல்நிலையம் எனப்படும் டாப்சுடேசன் வரை தொடர்வண்டியும், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடமும், பின்னர்ப் போடிநாயக்கனூர் வரை வண்டிப்பாதையும் அமைந்திருந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அத்தொடர்வண்டிப் பாதையை அழித்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டி வந்தது; அகலப்பாதை ஆக்குவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பெற்றது; 2023 சூனில்தான் மீண்டும் போடியை எட்டியது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக மதுரைப் பெருமருத்துவமனை ஓரங்குலமும் நகரவில்லை. ஆனால் ஊர்தி அமர்த்த இயலாத ஏழைக்கு அது தொலைவாகிவிட்டது. ஓர் இழை அறுந்தால் எல்லா முடிச்சுகளின் தொலைவும் மாறும் என்பதை இதனினும் தெளிவாக எந்நூலும் உணர்த்தாது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்னும் பல பத்தாண்டு வேண்டுகையையும் இவ்வலைக்கணக்கில் வைத்தே எடைபோடுதல் வேண்டும். அச்சாலையால் காட்டிற்கு நேரும் இழப்பையும் அதே தட்டில் வைத்தல் வேண்டும். ஒரு தட்டை மட்டும் காட்டுவது துலாக்கோல் ஆகாது.

இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் நடந்தில்லையா? நடந்துள்ளன. இன்றைய தெலங்கானத்திலுள்ள மிரியாலகூடா வட்டத்தில் எவ்வூரில் எப்பணி நிலையம் உள்ளது, மக்கள் எதற்கு எங்கே செல்கின்றனர் என்று ஆராய்ந்த நூல் ஐதராபாத்திலிருந்து 1971-இல் வெளிவந்தது. இந்திய ஊரகப் பணி நிலையங்களை ஆராய்ந்த அமெரிக்கப் புவியியலறிஞர் இரசுட்டன், இவ்வகைப் படிமங்களை வளரும் நாடுகள் கையாளும் முறை பற்றி 1984-இல் எழுதினார். நூல்கள் வந்தன, ஆனால் அவை ஊர்மன்றத்திற்கு வந்தனவா? ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, அலுவலகப் பேழையில் உறங்கும் கணக்கு எவர்க்குக் கணக்கு?

இங்கேதான் மொழியின் செய்தி எழுகின்றது. முந்திரியும் காணியும் மாவும் எனக் கீழ்வாயிலக்கத்தை நுணுகப் பகுத்தவர் தமிழர். கணக்கதிகாரம் என நூலே யாத்தவர். இம்மொழியில் இக்கணக்கைக் கூறவியலாது என்பார் கூற்று வெறும் மடிமை. இதுகாறும் கேட்ட கணக்கு முழுவதும் தமிழிலேயே சொல்லப்பெற்றது. விளங்காத இடம் யாது? தன் ஊருக்கு நிலையம் ஏன் மறுக்கப்பட்டது என்பதைத் தன் மொழியிற் கேட்டு, தன் மொழியில் விடை பெறுதல் குடிமகன் உரிமை. விளங்காத மொழியில் தரப்படும் விடை, விடை மறுத்தலின் வேறன்று.

ஆகவே இளைஞர் செய்யத்தக்கன சில உள. முதலாவது, தம் வட்டாரத்தின் பாதைப்படத்தைத் தாமே வரைக. ஒவ்வோர் ஊர்க்கும் அடுத்த ஊர்க்கும் இடையே நடந்து செல்லும் நேரத்தையும் ஊர்தியிற் செல்லும் நேரத்தையும், கோடையிலும் மழையிலும் தனித்தனியே குறிக்க. இரண்டாவது, ஊர்தோறும் முதியோர், குழந்தைகள், கருவுற்ற தாய்மார் எத்தனை பேர் என்று எண்ணுக; எல்லாத் தலையும் ஒரே எடையன்று. மூன்றாவது, பகலில் எவர் எங்கே இருக்கின்றார் என்று குறிக்க. நான்காவது, புதிய நிலையம் பற்றிய பேச்சு எழும்போது மூன்று எண்களையும் கேட்க: அனைவர் செல்லும் மொத்தத் தொலைவு எவ்வளவு? கடைசி வீட்டார் செல்லும் தொலைவு எவ்வளவு? குறித்த நேரத்திற்குள் எட்டப்படாதவர் எவர், எவ்வூரார்? ஒரே எண்ணைக் காட்டுபவர் எதையோ மறைக்கின்றார் என்று கொள்க.

இவற்றை வைத்துப் பேசுவதற்கு இடமும் உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் கூட்டப்பெறும் ஊரவைக் கூட்டம் 2022 முதல் ஆண்டிற்கு நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பெற்றது. அங்கே 'எம்மூரில் வையுங்கள்' என்னும் கூக்குரலோடு செல்லாது, பாதைப்படத்தோடும் எண்களோடும் செல்க. தம் ஊரினும் அடுத்த ஊரே தக்க இடம் எனக் கணக்குக் காட்டுமாயின், அதனையும் ஒப்புக்கொள்க. தனக்கு எதிராக வரும் விடையையும் ஏற்பவனே கணக்கைக் கையாளத் தக்கவன்; பிறனுக்காகத் தன் விடையைத் தள்ளுபவனே முறையைக் கையாளத் தக்கவன்.

கணக்கு ஒரு விளக்கு. விளக்கு வழியைக் காட்டும். எங்கே போவது என்று கூறாது. மொத்தத்தை மட்டும் நோக்கி நடந்தால் மலைமேலுள்ள அறுபதின்மரை அது என்றும் இருளில் விடும். கடைசி வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் அதே விளக்கு அவ்வறுபதின்மர் வாயிலையும் காட்டும். சுமைதாங்கிக் கல்லை நிறுத்தியவன் வலியவன் நடையை எண்ணி நிறுத்தவில்லை. களைத்தவன் நடையை எண்ணியே நிறுத்தினான். அவ்வெண்ணத்தைப் புதிய கணக்கோடு சேர்த்துக்கொள்வது தமிழர் கடன்.